கிளைச் சங்கத்துக்கு என்ன வரலாறு?

அன்புள்ள ஐயா,

எங்கள் நூலகர் சங்கத்தின் மாவட்டக் கிளைக்கு அடுத்த ஆண்டு பொன்விழா. மலரில் கிளையின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பழைய மினிட்ஸ் புத்தகங்கள் பெரும்பாலும் கையில் இருக்கின்றன. தலைவர், செயலாளர் பட்டியலும் விழாப் படங்களும் போட்டால் போதும், சின்னக் கிளைக்கு அதற்கு மேல் என்ன வரலாறு இருக்கப்போகிறது என்கிறார்கள் நிர்வாகிகள். உங்கள் கருத்து என்ன?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியல் இருக்கட்டும், மலரின் கடைசிப் பக்கத்தில். பதவியில் யார் இருந்தார்கள் என்பதைவிட, கிளை எந்த வேலையைக் கையிலெடுத்தது, அது பிறகு யார் கைக்குப் போனது என்பதுதான் வரலாறு. நீங்கள் நூலகர் என்பதால் உங்கள் துறையிலிருந்தே சொல்கிறேன்.

சென்னை நூலகச் சங்கம் 1928-ல் தொடங்கியது. கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதன் செயலாளர். மறு வருஷமே சங்கம் நூலகர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி நடத்தியது. 1931-ல் பல்கலைக்கழகம் அந்தப் பள்ளியை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ரங்கநாதனின் ‘நூலகவியலின் ஐந்து விதிகள்’ வெளிவந்தது. பதிப்பித்ததும் இந்தச் சங்கம்தான். உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிற புத்தகம், தொடங்கி மூன்றே வருஷமான ஒரு சங்கத்தின் வெளியீடு!

சங்கம் கேட்டுப் போராடிய பொது நூலகச் சட்டத்தின் கதை இன்னும் நீளம். 1930-களிலேயே மசோதா சட்டமன்றம் வரை போனது, ஆனால் நிறைவேறவில்லை. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல்தான் சட்டமானது. இன்று சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரியும் உங்கள் மாவட்டத்தின் நூலக ஆணைக்குழுவும் அந்தச் சட்டத்தால் வந்தவை. பள்ளி பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது, நூலகங்கள் அரசிடம் போய்விட்டன. சங்கத்தின் கையில் இப்போது என்ன மிச்சம் என்று மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனக்கோ அந்தச் சங்கத்தின் மேல் பெரிய மரியாதை உண்டாவதே இதனால்தான்.

உங்கள் கிளையிலும் இப்படி ஏதாவது இருக்கும். பள்ளி நூலகர்களுக்கு நடத்திய ஒரு பயிற்சி முகாம், ஒரு கிளை நூலகத்துக்குக் கட்டடம் கேட்டுக் கொடுத்த மனுக்கள்... அதைத் தேட மினிட்ஸ் புத்தகத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று ஒரு தீர்மானம் இருந்தால் அதற்கு முந்தைய இரண்டு கூட்டங்களைப் பாருங்கள்; சண்டை அங்கே நடந்திருக்கும். ‘போதிய வருகை இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டது’ என்று வரிசையாக வந்தால் கிளை படுத்துவிட்ட காலம் அது. எந்தக் கூட்டத்தில் கையெழுத்துகள் மறுபடி கூடுகின்றன, அன்றைக்கு என்ன பொருள் பேசினார்கள் என்று பாருங்கள். கிளையை எழுப்பிவிட்டது அதுதான். அப்புறம் வரவு செலவுக் கணக்கு. தபால் செலவு திடீரென்று ஏறிய வருஷத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து எல்லா உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். அவர் தலைவராக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. மலரில் அவர் பெயர் வர வேண்டும்.

பிளவு, வழக்கு, சந்தா பாக்கித் தகராறு எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்வார்கள். ஆட்களின் பெயரை வேண்டுமானால் விடுங்கள், விஷயத்தை விடாதீர்கள். எதற்காகப் பிரிந்தார்கள் என்று சொல்லாமல் எதற்காகச் சேர்ந்தார்கள் என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

இன்னொன்று. சங்கத்துக்கு வெளியேயும் பாருங்கள். 1931-ல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். உங்கள் மாவட்டத்திலும் வாசகசாலை நடத்தியவர்கள், புத்தகங்களைத் தானமாகக் கொடுத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் இல்லாமல் நூலகர்களின் வரலாறு மட்டும் தனியாக நிற்காது.

ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர்களை இந்த மாதமே போய்ப் பாருங்கள். மலர் வேலை நெருக்கும்போது நேரம் கிடைக்காது. பேசுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். மினிட்ஸ் புத்தகங்களை ஸ்கேன் செய்து ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். பொன்விழாவுக்கு வேறு எதுவும் செய்ய முடியாமல் போனாலும் இதைச் செய்துவிடுங்கள். முதல் வரைவு முடிந்ததும் அனுப்பினால் ஆசையோடு படிப்பேன்.

அன்புடன்