பல்கலைக்கழக நூலகங்களில் புத்தகம், மைக்ரோஃபிலிம், கேசட், சிடி எல்லாவற்றையும் எப்படிக் கெடாமல் வைத்திருக்கிறார்கள்?

வடசென்னையில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பத்தொன்பது வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே எனக்குக் கிடைத்த முதல் கருவி மூக்குதான்.

காலையில் கதவைத் திறந்ததும் பூசண வாடை அடித்தால் அன்றைய வேலை அதுதான். கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரம். உள்ளே ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும், தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சியும் சேர்ந்துகொள்ளும். இதில் பெரிய தப்பு, பகலில் மட்டும் ஏசி போட்டு ராத்திரி கரண்ட் மிச்சம் என்று அணைப்பது. குளிர்ந்த அலமாரியில் ஈரக்காற்று வந்து படியும். அதற்கு ஏசியே இல்லாமல் மின்விசிறியும் ஜன்னலும் மேல் என்பது என் கட்சி.

பழைய காகிதத்தில் படிகாரம் இருக்கும். அது அமிலமாகி, மடித்தால் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். கிழிந்ததை செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள், பசை ஊறி மஞ்சள் கறை நிற்கும். ஜப்பானிய மென்தாளும் மாவுப்பசையும் போதும். பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் என்ற நீல உப்பைக் கலப்பார்கள். பூச்சி வராது, சரி, ஆனால் அதுவும் அமிலம், அரிய நூலுக்கு ஆகாது.

2015 டிசம்பர் மழையில் எங்கள் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் நனைந்தன. அவசரத்தில் மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டோம். பளபளப்பான ஆர்ட் பேப்பர் புத்தகங்கள் செங்கல்லாக ஒட்டிக்கொண்டன. இரண்டு நாளுக்குள் தாளுக்குத் தாள் மையொற்றுத்தாள் வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தியிருக்க வேண்டும். முடியாத அளவு இருந்தால் உறைய வைத்துவிட்டு, பிறகு நிதானமாகப் பார்க்கலாம். மீன் வைக்கிற குளிர்கிடங்கு காசிமேட்டிலேயே இருந்தது, அன்று யாருக்கும் தோன்றவில்லை!

மைக்ரோஃபிலிம் என்பது பக்கங்களைச் சிறிதாகப் படம் பிடித்த பிலிம் சுருள். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பழைய சுருள் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை வரும். அந்தச் சுருளை அன்றே தனியாக எடுத்துவிட வேண்டும், அதன் ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். பிற்கால பாலியஸ்டர் சுருளில் இந்தத் தொல்லை இல்லை.

சிடிதான் என்னை ஏமாற்றியது. வாடை கிடையாது, கறை கிடையாது. ஆய்வேட்டோடு வந்த சிடியை உறையோடு அடுக்கி வைத்தோம். சில வருடம் கழித்துப் போட்டால் கணினிக்கு உள்ளே எதுவுமே தெரியவில்லை. நாமே கணினியில் பதிவு செய்யும் சிடியில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப்படலம், வெப்பத்திலும் வெளிச்சத்திலும் அது மங்கும். ஆகவே மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில். வருடத்துக்கு ஒருமுறை திறந்தும் பார்க்க வேண்டும்.

கேசட் இன்னும் நிறைய இருக்கிறது. டேப் நன்றாக இருந்தாலும், போட்டுக் கேட்க கருவி கிடைக்காது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அலைந்து வாங்கிய ஒரு பழைய பிளேயரை ஒரு பீரோவில் பூட்டி வைத்திருந்தோம். நான் ஓய்வு பெறும்போது புதியவரிடம் கொடுத்த முதல் சாவி அந்த பீரோவுடையது.