இறக்குமதித் தோள்மூட்டு ‘இந்திய எலும்பு’க்குப் பொருந்தாதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. ஒல்லியான உடல்வாகு, உயரம் ஐந்தடிக்கும் குறைவு. தோளில் தசைநாண் முழுவதும் கிழிந்து மூட்டும் தேய்ந்துவிட்டதால் தலைகீழ் தோள்மூட்டு மாற்று அறுவை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ‘வழக்கமான மூட்டு வெள்ளைக்காரர் எலும்புக்குச் செய்தது. இந்திய எலும்புக்குத் தனி மாடல் இருக்கிறது. ஒன்றரை லட்சம் கூடுதல்’ என்கிறார் மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர். கொடுக்கலாமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் அம்மாவுக்குச் சிறிய அளவு தேவைப்படலாம். அதற்குக் காரணம் அவருடைய உயரமும் உடல்வாகும்தான். அவர் எந்த நாட்டவர் என்பதை வைத்து யாரும் அளவு சொல்ல முடியாது.

இந்த அறுவையில், தோள்பட்டை எலும்பில் இருக்கும் கிண்ணத்தின் மீது ஓர் உலோகத் தட்டைத் திருகாணிகளால் பொருத்தி, அதன்மேல் பந்தை வைப்பார்கள். கை எலும்பின் பக்கம் கிண்ணம் போகும். இயற்கை அமைப்புக்கு நேர்மாறு என்பதால் ‘தலைகீழ்’ என்கிறோம். பிரான்சின் டிஜோன் நகரில் பால் கிராமோன் 1985இல் உருவாக்கிய முறை இது. அதன் வழிவந்த மூட்டுகளில் தட்டின் விட்டம் வெகுகாலம் 29 மி.மீ. ஆகவே இருந்தது. எலும்புக் கிண்ணத்தின் அகலம் 23 மி.மீ. மட்டுமே என்றால் தட்டின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், திருகாணி பிடித்துக்கொள்ள எலும்பு போதாது, தட்டு தளர்ந்துபோகலாம். ஒருங்கிணைப்பாளரின் பேச்சில் உள்ள உண்மை இவ்வளவுதான்.

மற்றதெல்லாம் விற்பனைப் பேச்சு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பாதுகாக்கப்படும் எலும்புத் தொகுப்பிலிருந்து 344 தோள்பட்டை எலும்புகளை அளந்து 2001இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கிண்ணத்தின் சராசரி அகலம் ஆண்களுக்குச் சுமார் 28 மி.மீ.; பெண்களுக்குச் சுமார் 23.5. அதாவது, அந்த 29 மி.மீ. தட்டு அமெரிக்கப் பெண்களுக்கே பெரிது! நம் உடற்கூறியல் துறைகளில் அளந்த எலும்புகளிலும் சராசரி பெரும்பாலும் 23 முதல் 25 மி.மீ. வரை வருகிறது. அந்த உலர்ந்த எலும்புகளில் பலவற்றுக்கு ஆணுடையதா, பெண்ணுடையதா என்ற குறிப்புகூடக் கிடையாது. இப்படிப்பட்ட எண்களைத்தான் ‘இந்திய எலும்பு’ என்று பெயர் சூட்டி நோயாளியிடம் விலை பேசுகிறார்கள்.

கிண்ணத்தின் சாய்வையும் அதே ஆய்வு பார்த்தது. கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் சராசரியில் இரண்டரை டிகிரி அளவுக்கே வேறுபாடு. ஆளுக்கு ஆள் பார்த்தால் அது இருபது டிகிரி வரை போகிறது. ஒரே மனிதரின் இரண்டு தோள்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. சிறுவயது முதல் பேஸ்பால் எறிந்தவர்களுக்கு, எறியும் கையில் எலும்பின் பந்து மற்றக் கையைவிடக் கூடுதலாகப் பின்னோக்கித் திரும்பியிருக்கும். ஆகவே உங்கள் அம்மாவின் அளவைச் சொல்ல வேண்டியது அவருடைய சி.டி. ஸ்கேன்தான்.

24, 25 மி.மீ. தட்டுகள் இன்று கிடைக்கின்றன. பல நிறுவனங்களின் வழக்கமான வரிசையிலேயே அது ஓர் அளவு, அவ்வளவுதான். பிறகு ஏன் ஒன்றரை லட்சம்? முழங்கால் மூட்டுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் விலை உச்சவரம்பு விதித்தது. தோளுக்கு அப்படி எதுவும் விதிக்கவில்லை. ஒரே உலோகம், ஒரே விநியோகஸ்தர், ஒரே நோயாளி. மூட்டு மாறினால் பாதுகாப்பும் போய்விடுகிறது. இடைத்தரகர்களுக்கு அந்த வாசலைத் திறந்துவைத்தது இந்த அலட்சியம்தான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான மருத்துவமனைகள் தோள்மூட்டுப் பெட்டியைக் கையிருப்பில் வைப்பதில்லை. அறுவையை ஒட்டித்தான் விநியோகஸ்தர் கொண்டுவருவார். அதில் சிறிய தட்டு இல்லாவிட்டால், இருப்பதைப் பொருத்த வேண்டிய நெருக்கடி அறுவை அரங்கில் வந்துவிடும். எனவே ஒருங்கிணைப்பாளரை விட்டுவிட்டு அறுவை நிபுணரிடமே கேளுங்கள்: அம்மாவின் கிண்ணம் எத்தனை மி.மீ. அகலம்? எந்த விட்டமுள்ள தட்டு வைக்கப் போகிறீர்கள்? அது பெட்டியில் வருவதை முன்கூட்டியே உறுதிசெய்துவிட்டீர்களா?

கூடுதல் செலவு நியாயமாகிற ஓர் இடம் உண்டு. தேய்மானம் கிண்ணத்தின் எலும்பையே அரித்துவிட்டிருந்தால், குறிப்பாகப் பின்புறமோ மேற்புறமோ ஒருபக்கமாகக் கரைந்திருந்தால், சாதாரணத் தட்டு சாய்ந்துதான் உட்காரும். அப்போது ஒருபக்கம் தடித்த தட்டு தேவைப்படும், அல்லது எலும்பு ஒட்டு வைக்க வேண்டும். அரிப்பு மிக மோசமாக இருந்தால் அந்த ஒருவருக்கென்றே செய்த தட்டும் தேவைப்படலாம். அதன் விலை உண்மையிலேயே அதிகம். ஆனால் இது சி.டி. படத்தில் கண்ணுக்குத் தெரியும் குறை. முப்பரிமாணப் படத்தில் எலும்பு கரைந்த இடத்தை நிபுணர் உங்களுக்கு விரலால் தொட்டுக் காட்ட முடியும். அப்படிக் காட்டினால் பணத்தைப் பற்றித் தயங்காதீர்கள். காட்டாமல் ‘நம்மவர் எலும்பே அப்படித்தான்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சி.டி. எடுத்த இடத்தில் அறிக்கைத் தாளோடு நிற்காமல் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பியல் பிரிவில் அதைக் காட்டி இரண்டாவது கருத்துக் கேளுங்கள். அறுவை முடிந்ததும், மூட்டின் பெட்டியில் வரும் அளவு, தொகுதி எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் டிஸ்சார்ஜ் அறிக்கையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பில்லில் எழுதிய அளவும் ஒட்டுச்சீட்டில் உள்ள அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.