பால் காய்ச்ச லீவு கிடைத்ததே!

கேள்வி: நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். வேலை ஷார்ஜாவில். அங்கேயே பிறந்த என் மகளுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. எனக்கு லீவு கிடைப்பதில்லை, மனைவி பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன். ‘அப்பன் இந்தியன்னா பிள்ளையும் இந்தியன்தான்டா, பதறாதே’ என்கிறார் சித்தப்பா. அவர் மகன் 1998-ல் மஸ்கட்டில் பிறந்தவன். ஊரில் கட்டிய வீட்டுக்கு நிலம்பூர்த் தேக்கில் கதவு போட்டு, போன தை மாதம் நான் மட்டும் வந்து பால் காய்ச்சிவிட்டுப் போனேன். பேத்திக்கு எப்போது மொட்டை போடுவது என்று அம்மா நச்சரிக்கிறார். இங்கே மனைவி தினமும் சண்டை. அவளை எப்படிச் சமாதானப்படுத்துவது?

பதில்: சமாதானம் கிடக்கட்டும் தம்பி. ‘நான் மட்டும் வந்து’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம். லீவே கிடைக்காதவருக்குப் பால் காய்ச்ச மட்டும் எப்படிக் கிடைத்தது? கேட்டீர்கள், கொடுத்தார்கள். மகளுக்காக ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன் என்று கடிதத்தில் எங்கேயும் காணோம். கதவு எந்த ஊர் மரம் என்பது வரைக்கும் இருக்கிறது, பிள்ளையின் பெயர் இல்லை.

குடும்பத்தோடு குடிபோகத்தான் பால் காய்ச்சுவது. கட்டியவளையும் கைக்குழந்தையையும் அக்கரையில் விட்டுவிட்டு யாருக்காகக் காய்ச்சினீர்கள்? வந்து சாப்பிட்டுப் போன சொந்தக்காரர்களுக்கா? அவள் சண்டை போடாமல் என்ன செய்வாள்?

சித்தப்பா சொல்வது அவர் மகனுக்குச் சரி. 2004 டிசம்பர் 3 முதல் கதை வேறு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்தால்தான் குடியுரிமைச் சட்டப்படி அது இந்தியக் குடி. தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அமீரகமோ தன் மண்ணில் பிறந்தது என்பதற்காகக் குடியுரிமை தரும் நாடு இல்லை. ஆக, உங்கள் மகள் இன்றைய தேதிக்கு எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை. பிறந்த 120 நாளுக்குள் அங்கே விசா போட வேண்டும், அதற்கும் பாஸ்போர்ட் வேண்டும். அந்தக் கெடு தாண்டி அபராதம் ஏறிக்கொண்டிருக்குமே, அதைப் பற்றியும் மூச்சு விடவில்லை நீங்கள்!

அந்த ஒரு வருடக் கெடு முடிய இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. பதிய ஷார்ஜாக்காரர்களுக்குத் துபாயில் உள்ள இந்தியக் கான்சுலேட்தான். ஷார்ஜாவில் தந்த பிறப்புச் சான்றிதழ், உங்கள் இருவர் பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் எடுத்து வையுங்கள். பிள்ளைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் கிடையாது என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்யாணத்தைப் பஞ்சாயத்தில் பதிந்திருந்தால் சான்றிதழைச் சித்தப்பா வாங்கி அனுப்பட்டும். யோசனை சொல்வதைவிட அது உபயோகமான வேலை. அவளை மட்டும் பிள்ளையோடு அனுப்பிவிட்டு டூட்டிக்குப் போய்விடாதீர்கள். நாளைக்கே லீவு எழுதிக் கொடுங்கள்.

மொட்டை தள்ளிப் போனால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் அம்மாவிடம் காரணம் சொல்லும்போது பழியை மருமகள் தலையில் போடாமல், ‘நான்தான் கவனிக்காமல் விட்டேன்’ என்று சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் இருக்கும்போது, போனை ஸ்பீக்கரில் போட்டுச் சொல்லுங்கள்.