அண்ணாவின் பெயரை எழுதுங்கள்

கேள்வி: வணிகப் பிரிவில் உயர்தரம் முடித்துவிட்டேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு கல்லூரியில் வணிக நிர்வாக டிப்ளோமா படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அப்பா தோட்டம் செய்கிறார், அம்மா ஆசிரியை. ஒரு மாதத்துக்கு என் கணக்கில் காசு போட்டுக் காட்டுவதாக முகவர் சொல்கிறார். ஸ்காபரோவில் இருக்கும் அண்ணாவின் பெயரைப் படிவத்தில் எழுதக் கூடாது என்றும் சொல்கிறார். நான் என்ன செய்ய? அங்கு போய் முழுநேரம் வேலை செய்து கடனை அடைக்க முடியுமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்:

அன்பின் தங்கைக்கு,

அண்ணாவின் பெயரை எழுதுங்கள். குடும்ப விபரப் படிவத்தில் கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் கேட்கிறார்கள், அவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும். அண்ணா தன் குடிவரவுப் படிவங்களை நிரப்பிய காலத்தில் தங்கை என்று உங்களை எழுதியிருப்பார். இரண்டு கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் அதிகாரிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 40ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. முக்கியமான விடயத்தை மறைத்தது தெரியவந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு அந்நாட்டுக்குள் நுழையத் தடை. அந்தத் தடை முகவருக்கு இல்லை. கையொப்பம் உங்களுடையது.

அண்ணா அங்கே இருப்பதற்காக மட்டும் மறுக்க மாட்டார்கள். படிப்பு முடிந்ததும் திரும்புவீர்களா என்று அதிகாரி யோசிப்பார். அதற்குப் பதில் சொல்லும் இடம் நீங்கள் எழுதும் விளக்கக் கடிதம். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இப்போது, முடித்துவிட்டு என்ன செய்வீர்கள் என்று உங்கள் சொந்த வாயால் சொல்லுங்கள். முகவரின் கணினியில் ஏற்கெனவே கிடக்கும் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்ப விடாதீர்கள்.

இனிக் காசு. 2025 செப்டெம்பர் 1 முதல் தனியாகப் போகும் மாணவர் ஒருவர் முதலாண்டுக் கட்டணத்துக்கும் பயணச் செலவுக்கும் மேலாக 22,895 கனேடிய டொலர் காட்ட வேண்டும். இந்தத் தொகையை மாற்றுவதுண்டு, விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசாங்கத் தளத்தில் ஒரு தடவை பாருங்கள். இரவல் காசு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு வங்கிக் கூற்றை விரித்துப் பாருங்கள்: மாதம் தவறாமல் அம்மாவின் சம்பளம், மின்சாரக் கட்டணம், கடைக்கு எடுத்த ஐயாயிரம், பத்தாயிரம். கடைசிப் பக்கத்தில், விண்ணப்பத்துக்கு மூன்று நாள் முன்னர், ஒரே வரியில் ஒரு கோடி. வாசிப்பவரின் கண் அந்த வரியில்தான் நிற்கும். எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை.

உங்கள் வீட்டுக் காசுக்குக் கதை இருக்கிறது. அம்மாவின் சம்பளப் பத்திரம், அப்பா வெங்காயம் விற்ற பற்றுச்சீட்டுகள், நிலையான வைப்பு, காணி விற்றிருந்தால் உறுதியின் பிரதி எல்லாவற்றையும் சேருங்கள். அண்ணா உதவுகிறார் என்றால் அவருடைய வருமான வரிப் பத்திரமும், உதவுவதாக அவர் எழுதிய கடிதமும் உங்களுக்குப் பலம். முகவர் மறைக்கச் சொன்ன அதே அண்ணாதான்! தமிழிலும் சிங்களத்திலும் உள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்கள், கல்லூரி டிப்ளோமா முடித்ததும் அங்கே வேலை அனுமதி பெற, படித்த துறை அரசாங்கப் பட்டியலில் இருக்க வேண்டும். சுகாதாரம், விஞ்ஞானம், தொழில்நுட்பம், கட்டுமானக் கைத்தொழில் போன்றவை அதில் உண்டு. பொதுவான வணிக நிர்வாகம் இல்லை. படிப்பு முடிந்து மூன்று வருடம் வேலை செய்யலாம் என்று முகவர் சொல்லியிருந்தால், கட்டணம் கட்டும் முன் எந்தப் பாடநெறிக்கு என்று கேளுங்கள்.

கடனைப் பற்றி. தவணைக் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். ஒன்ராறியோவில் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஒக்டோபர் முதல் மணிக்கு 17.60 டொலர். வாரத்துக்கு 422 டொலர், அதுவும் வரி கழிக்கும் முன். அறை வாடகையும் சாப்பாடும் போனால் கடனுக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. என் பெறாமகன் ஒருவன் கணக்கில் வராத கைக்காசுக்கு இரவு முழுவதும் களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கினான். காலையில் வகுப்பில் தூங்கினான், இரண்டாம் தவணையில் மூன்று பாடங்களை விட்டான். அனுமதியை நீடிக்க விண்ணப்பித்தபோது மதிப்பெண் பட்டியல் கேட்டார்கள். அவன் ஊருக்கு வந்துவிட்டான், அக்கா இன்னும் வட்டி கட்டுகிறார். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, பிள்ளை.

கடவுச்சீட்டில் ஒட்டும் விசா உள்ளே நுழைவதற்கு. அங்கே தங்கிப் படிக்க உங்களுக்கு உரிமை தருவது விமான நிலையத்தில் அதிகாரி கையில் தரும் படிப்பு அனுமதிப் பத்திரம். அந்த இடத்தை விட்டு நகரும் முன் பெயர், முடிவுத் திகதி, வேலை செய்யலாம் என்ற வரி மூன்றையும் வாசியுங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்தக் கேட்கலாம். கல்லூரியை மாற்ற விரும்பினால், 2024 நவம்பர் 8 முதல், புதிய அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் குறைந்த கல்லூரிக்குப் பிறகு மாறிக்கொள்ளலாம் என்ற பழைய கதையை யாரும் சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் வகுப்புக்கு வருகிறீர்களா என்பதைக் கல்லூரி குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிக்கிறது. பத்திரம் முடியும் முன் நீடிப்புக்கு விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை தொடர்ந்து படிக்கலாம். ஒரு நாள் பிந்தினாலும் அந்த உரிமை போய்விடும். பிறகு 90 நாளுக்குள் மீளப்பெற விண்ணப்பிக்கலாம், அது கிடைக்கும்வரை படிக்கவோ வேலை செய்யவோ முடியாது.

முகவரிடம் அடுத்த முறை போகும்போது அம்மாவையும் கூட்டிச் செல்லுங்கள். விண்ணப்பம் எந்த மின்னஞ்சலில் திறக்கப்பட்டது, கடவுச்சொல் என்ன என்று கேளுங்கள். காசு வாங்கி உங்களுக்காகக் கனடாவுடன் பேசுபவர் அந்நாட்டில் உரிமம் பெற்ற ஆலோசகராகவோ சட்டத்தரணியாகவோ இருக்க வேண்டும், உரிம எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் உங்கள் கடவுச்சீட்டையும் சான்றிதழ்களையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இன்றிரவு அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்து, அவருடைய படிவத்தில் உங்கள் பெயரையும் பிறந்த திகதியையும் எப்படி எழுதியிருக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.