பிளக்கில் சொருகிப் பார்க்கலாமா?

(வாசகர் கேள்வி பதில். இந்த முறை வால்வு ரேடியோ, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தின, கண்ணாடிக் குழாய் வைத்த ரேடியோ. பதில் சொல்பவர், கோபிசெட்டிபாளையத்தில் 38 வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர்.)

கே: எங்கள் அப்பச்சியின் ரேடியோ தோட்டத்துச் சாளையில் அட்டாலி மேல் கிடந்தது. 40 வருஷமாக யாரும் போடவில்லை. உள்ளே குளவிக்கூடு, எலிப்புழுக்கை. ஒரு வால்வில் ஈ.இசட்.80, இன்னொன்றில் ஈ.எல்.84 என்று எழுதியிருக்கிறது. பிளக்கில் சொருகிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறான் மகன். பார்க்கலாமா?
- காங்கேயம் வாசகி

வேண்டாம் அம்மிணி. முதல் வேலையாக அந்த பிளக்கைக் கழற்றி உங்கள் முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள்.

கடை போட்ட இரண்டாம் வருஷம், பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். செட்டை வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். பத்து வருஷமாகப் போடாத செட்டு. எனக்கு அப்போது கை துறுதுறுவென்று இருக்கும். அவர் முன்னாலேயே சொருகினேன். டயல் விளக்கு எரிந்தது. ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததா என்று காட்டும் பச்சைக்கண் மெல்லத் திறந்தது. பெரியவர் முகத்தில் சிரிப்பு. அரை நிமிஷம் கழித்து 'ஹ்ம்ம்ம்' என்று ஒரு முழக்கம், அப்புறம் தார் உருகும் வாசம். எட்டிப் பார்த்தால் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் உள்ளே இருக்கும் பிளேட் கொல்லன் உலையில் வைத்த இரும்பாகச் சிவந்து நிற்கிறது. அணைப்பதற்குள் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. "செரி, பரவால்லீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக்கொண்டு போனார். என் காசில் டிரான்ஸ்பார்மரைச் சுற்றிக் கொடுக்க மூன்று வாரம் ஆனது. அவர் திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

நடந்தது இதுதான். கரண்டைச் சமப்படுத்தும் பெரிய கண்டென்சருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்று உண்டு. வருஷக்கணக்கில் மின்சாரம் படாவிட்டால் அது நலிந்துபோகும். திடீரென்று 250 வோல்ட் ஏறினால் தாங்காது. இது ஒரு திருடன். இதைவிடப் பெரிய திருடன் ஒருத்தன் அவுட்புட் வால்வின் வாசலில் உட்கார்ந்திருப்பான்: 0.01 மைக்ரோபாரட் கப்ளிங் கண்டென்சர். முந்தின வால்விலிருந்து பாட்டை மட்டும் விட்டு, டிசி கரண்டைத் தடுப்பது அதன் வேலை. பழைய செட்டுகளில் அது காகிதத்தில் செய்தது. ஈரத்தைக் குடித்து ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகினால் வால்வின் கிரிட்டில், அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலையில், பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, வால்வு அளவுக்கு மீறிக் கரண்டை இழுக்கும். பெரியவர் செட்டைச் சாகடித்தது அவன்தான்.

இனி உங்கள் செட்டு. ஏசியை டிசி ஆக்கும் வால்வாக ஈ.இசட்.80 இருப்பதால் டிரான்ஸ்பார்மர் வைத்த செட்டு என்று எடுத்துக்கொள்கிறேன், நல்லது. பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள், தண்ணீர் வேண்டாம். குளவி மண்ணை ஸ்பீக்கர் காகிதத்திலிருந்து குச்சியால் பொறுமையாகப் பெயருங்கள். டயல் கண்ணாடியின் உள்பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். எழுத்து அந்தப் பக்கம்தான் இருக்கிறது, ஈரத்துணி பட்டால் துணியோடு வந்துவிடும். வால்வில் எழுதியதும் அப்படித்தான், கழற்றும்போது எழுத்தின் மேல் விரல் படக் கூடாது. வால்வின் தலையில் வெள்ளி பூசியதுபோல ஒரு பளபளப்பு தெரியும். அது பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு செத்தது. பளபளப்பு இருந்தால் பெரும்பாலும் பிழைக்கும். ரப்பர் ஒயர்களை வளைத்துப் பாருங்கள், பொடிப்பொடியாக உதிர்ந்தால் மாற்ற வேண்டும். எலி கடித்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு சீரீஸ் பல்பு கட்டுங்கள். மெயின்ஸ், அதாவது வீட்டுக் கரண்ட், ஒரு 60 வாட் பழைய குண்டு பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி ஒரு ஒயரின் நடுவில் அதைக் கோக்க வேண்டும். எல்.இ.டி. இதற்கு ஆகாது. ஈ.இசட்.80-ஐ மட்டும் கழற்றி வைத்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். பல்பு மங்கலாக நின்று, மற்ற வால்வுகளின் உள்ளே சிவப்பு இழை தெரிந்தால் டிரான்ஸ்பார்மர் உயிரோடு இருக்கிறது. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட், அணைத்துவிடுங்கள்.

உயிர் இருந்தால் கண்டென்சர் வேலை. பெரிய கண்டென்சர் டப்பாவைக் கழற்றி எறிய வேண்டாம், பார்வைக்கு இருக்கட்டும். அதன் ஒயர்களைப் பிரித்துவிட்டு, அடியில் 47 மைக்ரோபாரட் 450 வோல்ட் இரண்டு வையுங்கள். கப்ளிங்குக்கு 630 வோல்ட் பாலியெஸ்டர். மற்ற காகிதக் கண்டென்சர்களையும் அதே கையோடு மாற்றிவிடலாம். பின்பு ஈ.இசட்.80-ஐப் போட்டு, சீரீஸ் பல்போடு ஓட்டி, அவுட்புட் வால்வான ஈ.எல்.84-ன் 2-ம் பின்னுக்கும் (அதுதான் கிரிட்) சேஸிஸ் என்கிற இரும்புத் தட்டுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். பாசிட்டிவ் வோல்டேஜ் காட்டக் கூடாது. பின்னால் வோல்டேஜ் மாற்றும் கட்டை இருந்தால் 245-க்குத் தள்ளிவிடுங்கள், 220-ல் விடாதீர்கள். அதற்கப்புறம்தான் பல்பை எடுத்துவிட்டு நேரடிக் கரண்ட்.

ஸ்விட்ச் அணைத்தாலும் கண்டென்சரில் கரண்ட் நிற்கும். அதை இறக்காமல் கை வைக்கக் கூடாது. சால்டரிங் இரும்பு பிடித்த பழக்கம் மகனுக்கு இல்லையென்றால், கண்டென்சர் வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கே: ரேடியோ நன்றாகப் பாடுகிறது. ஆனால் திருகுக் குமிழைத் தொட்டால் சுருக்கென்கிறது. பிளக்கைத் திருப்பிச் சொருகினால் இல்லை. - அந்தியூர் வாசகர்

பாடுகிறதே என்று விடாதீர்கள், அது ஆளைக் கொல்லும். வால்வு எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள். 'ஈ' என்றால் 6.3 வோல்ட் இழை. 'டி' என்றால் பாட்டரி செட்டு, கரண்ட் வராத காலத்துத் தோட்டங்களில் இருந்தது. 'யூ' என்றால், அதாவது யூ.சி.எச்.81, யூ.எல்.84, யூ.ஒய்.85 என்று வந்தால், ஏசி-டிசி செட்டு. அதில் மெயின்ஸைப் பிரிக்கும் டிரான்ஸ்பார்மர் கிடையாது. மெயின்ஸின் ஒரு ஒயர் நேராகச் சேஸிஸில் நிற்கும். பிளக் எந்தப் பக்கம் என்பதுதான் உங்கள் தலையெழுத்து. குமிழின் ஓரத்தில் சின்ன ஸ்குரூ இருக்கும் ஓட்டையை கம்பெனியில் மெழுகால் அடைத்து அனுப்புவார்கள். யாரோ கழற்றியவர் திரும்ப அடைக்கவில்லை. மெழுகு வையுங்கள், பின்மூடி இல்லாமல் போடாதீர்கள். உள்ளே வேலை செய்ய, செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம்.

கே: எங்களிடம் இருப்பதில் 'யு.எம்.எஸ்.' என்று இருக்கிறது. வெளிநாட்டு செட்டா? - பல்லடம் வாசகர்

அட, நம்மூர் செட்டுங்க! யுனைடெட் மோட்டார் சர்வீஸ், ஜி.டி. நாயுடுவின் பஸ் கம்பெனி. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றை பஸ் விட்டு ஆரம்பித்தவர், பின்பு கோயமுத்தூரில் ரேடியோவும் செய்தார். ஐந்து வால்வு செட்டை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941-ல் சொன்னவர். விற்றுவிடாதீர்கள். விற்பதாக இருந்தால் எனக்கு முதலில் சொல்லுங்கள்.

கே: உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டுப் பெட்டியில் புளூடூத் ஸ்பீக்கர் வைத்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். - திருப்பூர் வாசகர்

கோயில் தேரின் உள்ளே ஆட்டோ எஞ்சின் வைப்பது மாதிரி. டிரான்ஸ்பார்மர் செட்டாக இருந்தால் பின்பக்கம் 'கிராம்' அல்லது 'பிக்கப்' என்று இரண்டு ஓட்டை இருக்கும், கிராமபோன் தட்டு போட வைத்தது. போனின் இடம், வலம் இரண்டையும் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்து அதில் கொடுங்கள். பாட்டு வால்வு வழியாகவே வரும். 'யூ' செட்டில் மட்டும் இதைச் செய்யவே கூடாது, போனும் போகும், பிடித்திருக்கும் கையும் போகும்.

கே: சரி செய்தாச்சு. ஒரே இரைச்சல். என்ன கேட்கும்? - உடுமலை வாசகர்

எஃப்.எம். தேடாதீர்கள், இங்கே விற்ற பெரும்பாலான வால்வு செட்டுகளில் மீடியம் வேவும் ஷார்ட் வேவும்தான். டயலில் மீட்டர் கணக்கு இருந்தால் 3 லட்சத்தை அதால் வகுங்கள், கிலோஹெர்ட்ஸ் வரும். கோவை வானொலியின் இடம் 999, அதாவது முள் 300-ஐத் தொடும் இடம். திருச்சி 936, முள் 320-ல். ஷார்ட் வேவில் லண்டன் தமிழோசையைத் தேடினால் ஏமாறுவீர்கள், 2017-ல் நிறுத்திவிட்டார்கள். இரைச்சலுக்குப் பெரும்பாலும் வீட்டு எல்.இ.டி. பல்பும் சார்ஜரும்தான் காரணம். ராத்திரி எல்லாவற்றையும் அணைத்து, ஓட்டிலிருந்து தென்னைக்கு 10 மீட்டர் ஒயர் கட்டிக் கேளுங்கள். இடி மின்னல் என்றால் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

கே: பெட்டிக்குள் தபால் ஆபீஸ் முத்திரை போட்ட ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. - பவானி வாசகி

ரேடியோ லைசென்ஸ், அம்மிணி. அப்போது வீட்டில் ரேடியோ வைக்கவே வருஷா வருஷம் தபால் ஆபீஸில் பணம் கட்ட வேண்டும். கடைசி முத்திரை எந்த வருஷம் என்று பாருங்கள், செட்டு எப்போது நின்றது என்று தோராயமாகப் பிடிபடும். பணம் கட்டாமலே பத்து வருஷம் பாட்டுக் கேட்ட வீடுகளும் எனக்குத் தெரியும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.