டி விளக்கு விட்டுவிட்டு எரிந்தால்

2008 ஹோண்டா சிவிக் ஆட்டோமேட்டிக் கார், வீடு குளச்சல், மழைக்குப் பிறகு மீட்டர்ல இருக்கிற டி (D, டிரைவ் கியர்) விளக்கு விட்டுவிட்டு எரியுது, கியர் மாறும்போது இடிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. கியர்பாக்ஸை இறக்க அவசரப்படாதீங்க அண்ணே.

அந்த விளக்கு அப்படி எரிஞ்சா காரோட கம்ப்யூட்டர்ல கோளாறு கோடு (எந்தக் கோளாறுன்னு காட்டுற குறியீடு) பதிவாகியிருக்குன்னு அர்த்தம். அதைப் படிக்கிற ஸ்கேனர் கருவி போட்டு, குறியீட்டை எழுதி வச்சுக்குங்க. அதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழற்றினா தடயமே போயிடும். பாதிப் பேரு செய்ற தப்பு இதுதான்.

அடுத்து கியர்பாக்ஸ் ஆயில். இன்ஜின் நல்லா சூடானதும் சமதரையில் நிறுத்தி, ஆஃப் செஞ்ச 60–90 வினாடிக்குள் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்கிற கம்பி) பாருங்க. கருகின வாடைன்னா கிளட்ச் தேஞ்சிருக்கலாம். அளவும் நிறமும் சரின்னா கியர்பாக்ஸ்ல இருக்கிற சோலனாய்டு (மின்சாரத்துல இயங்குற வால்வு), பிரஷர் சுவிட்ச் (ஆயில் அழுத்தத்தை உணர்ற சுவிட்ச்) கனெக்டர்களைக் கழற்றிப் பாருங்க. கடற்கரை உப்புக்காத்துல பின்கள் பச்சை பூத்துக் கிடக்கும். கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, காயவிட்டு, ஸ்கேனர்ல கோளாறு கோடை அழிச்சு ஓட்டுங்க.

ஆயில் மாத்தினா ஹோண்டாவோட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலான டிடபிள்யூ-1 (DW-1) மட்டும். ஒரு தடவைக்கு ஏறத்தாழ இரண்டரை லிட்டர்தான் இறங்கும். சிவிடி (CVT, வேற வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில் வேண்டவே வேண்டாம்.