பலூன், டிஷ், ஃபைபர்: மலைக்கும் கடலுக்கும் இண்டர்நெட் எப்படி வரும்? கேள்வி பதில்

கேள்வி அனுப்பியவர்களுக்கு நன்றி. பாதிப் பேர் ஸ்டார்லிங்க் பற்றியே, அதாவது நிறைய சேட்டிலைட்டுகளை ஓடவிட்டு டிஷ் வழியாக இண்டர்நெட் தரும் வெளிநாட்டுக் கம்பெனி பற்றியே, கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் டெலிபோன் துறையில் மைக்ரோவேவ், ஃபைபர் (கண்ணாடி இழை கேபிள்) வேலைகள் பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போதும் யாராவது கூப்பிட்டால் மலையோரத்தில் ரேடியோ லிங்க் போட்டுக்கொடுக்கப் போவதுண்டு.

நாகர்கோவில், பொறியியல் மாணவர்: சார், கூகுள் பலூன் விட்டு ஊரெல்லாம் இண்டர்நெட் தரப்போவதாகச் சொன்னார்களே, அந்தத் தொழில்நுட்பம் தோற்றுப்போச்சா?

தொழில்நுட்பம் தோற்கவில்லை தம்பி. அந்தத் திட்டத்துக்கு லூன் என்று பெயர். 2013-ல் நியூசிலாந்தில் முதலில் வெளியே காட்டினார்கள். பலூன் பறந்தது சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில், பயணிகள் விமானம் போகும் உயரத்துக்கு இரண்டு மடங்கு. காற்றை எதிர்த்துப் போக அதில் மோட்டார் கிடையாது. அந்த உயரத்தில் ஒவ்வொரு அடுக்கிலும் காற்று ஒவ்வொரு திசையில் ஓடும். ஏறியும் இறங்கியும் தேவையான காற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே வட்டாரத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். 2017-ல் மரியா புயல் அடித்து புவேர்ட்டோ ரிக்கோவில் டவர்கள் விழுந்தபோது இந்தப் பலூன்கள் உண்மையாகவே உதவின. 2020-ல் கென்யாவில் வியாபாரமாகத் தொடங்கினார்கள். சுமார் 35 பலூன்களை வைத்து 50,000 சதுர கிலோமீட்டர் வட்டாரத்துக்கு 4ஜி தருவது திட்டம். 2021 ஜனவரியில் கடையைச் சாத்திவிட்டார்கள்.

செலவைக் குறைக்க முடியவில்லை என்று அவர்களே சொன்னார்கள். டவர் இல்லாத ஊர் என்றால் என்ன? போட்டால் கட்டுப்படியாகாது என்று கம்பெனிகள் கணக்குப் பார்த்து ஒதுக்கிய ஊர். அங்கே ஆள் குறைவு, கையில் காசு குறைவு, 4ஜி ஃபோன் அதைவிடக் குறைவு. அந்தக் கணக்கு பலூனில் ஏறினாலும் அப்படியேதான் இருக்கும்.

இதற்கு முன்பும் நடந்ததுதான். இரிடியம் என்ற கம்பெனி 66 செயற்கைக்கோள்களை ஏவி 1998-ல் சேட்டிலைட் ஃபோன் சேவை தொடங்கியது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பேசலாம். அடுத்த வருஷமே திவால். ஃபோன் வேலை செய்தது, ஆனால் அந்த விலைக்கு வாங்க ஆள் வரவில்லை.

அதே மாணவர்: ஃபேஸ்புக்கின் ட்ரோன்?

அக்விலா. போயிங் 737-ஐவிட நீளமான இறக்கை, சூரிய ஒளியில் ஓடுவது. 2016-ல் முதல் பறப்பிலேயே இறங்கும்போது அடிபட்டது. 2018-ல் விட்டுவிட்டார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பேச்சிப்பாறைக்கு மேலே, ஆரம்பப் பள்ளி ஆசிரியை: கொரோனா சமயத்தில் எங்கள் காணி பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகள் பாறைமேல் ஏறித்தான் பாடம் கேட்டார்கள். இன்னும் அதே நிலைதான். ஸ்டார்லிங்க் டிஷ் ஒன்று வாங்கிவைத்தால் தீர்ந்துவிடுமா? ஊரில் பணம் திரட்டலாமா என்று பேச்சு இருக்கிறது.

டீச்சர், பணம் திரட்டுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலில் வானம். அந்த டிஷ் ஒரே சேட்டிலைட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் சேட்டிலைட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிக்கிறது. அதனால் தலைக்கு நேர் மேலே கொஞ்சம் திறந்திருந்தால் போதாது, நாலாபுறமும் விரிந்த வானம் வேண்டும். இன்னொன்று, அந்தச் சேட்டிலைட்டுகளில் பெரும்பங்கு பூமத்திய ரேகைக்கு 53 டிகிரி சாய்ந்த பாதையில் சுற்றுகிறது. அதனால் ஐரோப்பா, கனடா பக்கம்தான் நெருக்கமாக இருக்கும். நாம் இருப்பது 8 டிகிரியில், இங்கே வானத்தில் கூட்டம் குறைவு. ஒரு மரம் மறைத்தால் அமெரிக்காக்காரனுக்கு வேறொரு சேட்டிலைட் கிடைக்கும். நமக்குச் சில விநாடி அறுந்து அறுந்து வரும். உங்கள் பக்கம் ரப்பரும் காட்டு மரமும்தான். பள்ளிக் கூரையில் வைத்தால் ஒன்றும் தேறாது. உயரமான கம்பம் நட வேண்டியிருக்கும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை கொட்டும்போது அந்த அலைவரிசை கொஞ்சம் படுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கரண்ட். டிஷ்ஷுக்கு ஒரு சீலிங் ஃபேன் அளவு கரண்ட் போதும், ஆனால் விடாமல் வேண்டும். காற்றடித்து மரம் விழுந்தால் உங்கள் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இருக்காது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோலார் பேனல், பேட்டரி, சார்ஜ் கண்ட்ரோலர் எல்லாம் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். கூடவே நல்ல எர்த்திங். மலையில் இடி சும்மா விடாது.

மூன்றாவது மாதச் சந்தா. 2025 ஜூனில் அந்தக் கம்பெனிக்கு நம் நாட்டில் உரிமம் கிடைத்தது. செய்தியில் அடிபடும் விலையை நம்பி வசூலில் இறங்காதீர்கள். முதல் வருஷம் நன்கொடையில் ஓடும், இரண்டாம் வருஷம் யார் கட்டுவது? வீட்டுக்கு வீடு டிஷ் நடக்காத காரியம். குடியிருப்புக்கு ஒன்று, அதிலிருந்து வைஃபை என்றால் ஒருவேளை நிற்கும். 2020-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி திட்டத்தில் ஒரு பெட்டிக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் வைஃபை விற்கலாம். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஊர்க்காரராக இருக்க வேண்டும். ஆசிரியர்களை நம்பி வைத்தால், மாறுதல் வந்ததும் பாஸ்வேர்டும் அவர்களோடு பஸ் ஏறிவிடும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், டீச்சர்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் டவர்தான் கேட்பேன். சிக்னலே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 2022-ல் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கி, வேலையை பிஎஸ்என்எல் கையில் கொடுத்தார்கள். உங்கள் குடியிருப்பின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். கிராமசபையில் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுங்கள். வன நிலத்தில் டவர் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும், அங்கேதான் கோப்பு வருஷக்கணக்கில் தூங்கும். அதற்குத்தான் ஊர் திரண்டு தொந்தரவு கொடுக்க வேண்டும்.

குலசேகரம், செல்ஃபோன் கடைக்காரர்: அணைக்கு அக்கரையில் இருக்கிற குடியிருப்புகளுக்கு இக்கரையிலிருந்து வயர்லெஸ் லிங்க் விடலாமா அண்ணே?

தாராளமாக. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் சில பிரிவுகளைப் பயன்படுத்த உரிமம் தேவையில்லை. இரண்டு சின்ன டிஷ், ஒன்றையொன்று பார்த்தால் போதும், ஏழெட்டு கிலோமீட்டர் சாதாரணம். தண்ணீருக்கு மேலே விடும்போது மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. நேராக வரும் அலையோடு, தண்ணீரில் பட்டுத் தெறித்த அலையும் வந்து சேரும். இரண்டும் ஒத்துப்போனால் சிக்னல் கூடும், முரண்பட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விழும். அணையில் நீர்மட்டம் மாற மாற இதுவும் மாறும். கோடையில் ஜோராக ஓடிய லிங்க் அணை நிரம்பியதும் காரணமே தெரியாமல் இறங்கும். டிஷ்ஷைத் திருப்பித் திருப்பி மண்டை காய்வோம். அலைன்மெண்ட் சரியாகவே இருக்கும். ஒரு முனையைக் கரையிலிருந்து உள்ளே தள்ளி, தெறித்து வரும் அலையை மேடோ மரமோ மறைக்கும்படி வையுங்கள். பாதித் தொல்லை போய்விடும்.

தூத்தூர், ஆழ்கடல் விசைப்படகு உரிமையாளர்: மலைக்குச் சொல்கிறீர்கள். தங்கல் போனால் ஒரு மாதத்துக்கு மேல் கடலில்தான். ஒக்கி புயலில் எங்கள் ஆட்களுக்குத் தகவல் சொல்ல வழி இல்லாமல் போச்சு. எங்களுக்கு என்ன?

அண்ணே, இதில்தான் நான் முழுசாக வானத்தின் பக்கம். மலைக்கு மாற்று வழி உண்டு, கடலுக்குக் கிடையாது. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கடல் மைல் தாண்டினால் செல்ஃபோன் வெறும் டார்ச் லைட். போட்டில் இருக்கும் விஎச்எஃப் வயர்லெஸ் செட் பூமியின் வளைவுக்குக் கட்டுப்பட்டது. ஆன்டெனா எட்டும் தூரத்தில் இன்னொரு போட் இருந்தால்தான் பேச்சு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது எச்சரிக்கை கரையில் ஒலித்தது. முன்னமே கிளம்பிப்போன போட்டுகள் அதைக் கேட்கும் தூரத்தில் இல்லை.

அதன் பிறகு வந்தவை என்ன? 2019-ல் ஜெமினி என்ற கருவி. நம் நாட்டு ககன் சேட்டிலைட்டிலிருந்து புயல் எச்சரிக்கை, மீன் கிடைக்கும் இடம் எல்லாம் வாங்கி ப்ளூடூத்தில் ஃபோனுக்குத் தரும். ஒருவழிப் பாதை, நீங்கள் திரும்ப ஒன்றும் சொல்ல முடியாது. அடுத்தது இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர். ஒரு லட்சம் படகுகளுக்குப் பொருத்த 364 கோடி ரூபாயில் திட்டம் போட்டு, 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்தார்கள். இது இருவழி. ஆபத்து என்றால் ஸ்ராங்கு (படகை ஓட்டுபவர்) ஒரு பொத்தானை அழுத்தலாம், சின்னச் செய்தி அனுப்பலாம். வீடியோ கால் வராது, வாட்ஸ்அப் வராது. ஆனால் ஒக்கி ராத்திரியில் தேவைப்பட்டது வீடியோ கால் இல்லை, ஒரு வரிச் செய்தி. இலவசமாகக் கிடைக்கும் அந்தப் பெட்டியைச் சிலர் 'நாம் எங்கே போகிறோம் என்று பார்க்கிறார்கள்' என்று அணைத்துவைப்பதாகக் கேள்வி. பார்க்கட்டுமே அண்ணே. பார்த்தால்தானே தேடி வர முடியும்?

பெரிய இண்டர்நெட் வேண்டுமென்றால் கப்பலில் வைக்கும் டிஷ் உலகம் முழுக்க இருக்கிறது. இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைக்கக்கூடாது. வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த துரயா சேட்டிலைட் ஃபோனையோ டிஷ்ஷையோ போட்டில் வைக்கவே வைக்காதீர்கள். 2024 நவம்பரில் அந்தமான் கடலில் ஆறு டன் போதைப்பொருளோடு பிடிபட்ட படகில் ஸ்டார்லிங்க் கருவி இருந்தது. அதிலிருந்து கடலோரக் காவல்படைக்கு அந்த டிஷ்ஷைப் பார்த்தாலே சந்தேகம் வரும். மீன் பிடிக்கப் போனவர்கள் கோர்ட் வாசலில் நிற்க வேண்டிவரும். முறைப்படி சேட்டிலைட் ஃபோன் வேண்டுமென்றால் பிஎஸ்என்எல் வழியாக இன்மார்சாட் ஃபோன் இருக்கிறது. விலை அதிகம்தான். நாலைந்து போட் சேர்ந்து போகும்போது கூட்டத்துக்கு ஒன்று வைத்து, மற்றவர்களுக்கு விஎச்எஃப்பில் சொல்லலாம்.

மார்த்தாண்டம், பிளஸ் டூ மாணவன்: சேட்டிலைட் நெட்டில் கேம் ஆடினால் லேக் ஆகுமா அங்கிள்?

எந்தச் சேட்டிலைட் என்பதைப் பொறுத்தது. பழைய வகை 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும். நீ அழுத்தியது மேலே போய்க் கீழே வந்து, பதிலும் மேலே போய்க் கீழே வர வேண்டும். நாலு தடவை அந்தத் தூரத்தை ஒளியின் வேகத்தில் வகுத்துப் பார், கிட்டத்தட்ட அரை விநாடி. அதற்குள் உன்னைச் சுட்டிருப்பான். 550 கிலோமீட்டர் என்றால் கவலை இல்லை. பரீட்சை முடியட்டும்.

கருங்கல், கேபிள் டிவி நடத்துபவர்: சேட்டிலைட் வந்தால் எங்கள் பிழைப்பு போய்விடுமா?

போகாது. ஒரு வட்டாரத்துக்கு மேலே வரும் சேட்டிலைட்டின் கொள்ளளவை அங்கே இருக்கிற எல்லாரும் பங்குபோட வேண்டும். கருங்கல் மாதிரி வீடு நெருங்கிய ஊரில் எல்லாரும் டிஷ் வைத்தால் எல்லாருக்கும் மெதுவாகும். உங்கள் ஃபைபரில் ஒரே இழையில் 2.5 கிகாபிட் வந்து முப்பத்திரண்டோ அறுபத்து நாலோ வீட்டுக்குப் பிரிகிறது. போதாவிட்டால் இன்னொரு இழை.

நீங்கள் பயப்பட வேண்டியது ரிப்பேர் தாமதத்துக்குத்தான். ரோடு போடும் ஜேசிபி, தென்னை மட்டை, அணில்: இந்த மூன்றும்தான் நம் குமரி மாவட்டத்தில் ஃபைபருக்கு எமன். அறுந்த இடத்தில் மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு, மேலுறையைச் சீவி, ஸ்பிரிட்டால் துடைத்து, தலைமுடி மொத்தமுள்ள கண்ணாடியை நேராக வெட்டி, ஸ்பிளைசிங் மெஷினில் வைத்தால், ஒரு பொறியில் ஒட்டிக்கொள்ளும். திரையில் இழப்பு 0.02 டெசிபல் என்று வந்தால் பையன் சிரிப்பான். கை நடுங்கி 0.5 என்று வந்தால் வெட்டிவிட்டு மறுபடி. இந்தப் பையனுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுங்கள். அவனை வேறு ஆள் கூட்டிக்கொண்டு போனால்தான் உங்கள் பிழைப்புக்கு ஆபத்து.

தக்கலை, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்: வெளிநாட்டான் செய்ததையே சொல்கிறீர்களே. நம் ஆட்கள் ஒன்றும் செய்யவில்லையா?

செய்தார்கள் ஐயா, கொஞ்சம் முந்திக்கொண்டே செய்தார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு கார்டெக்ட் என்ற வயர்லெஸ் கருவியை உருவாக்கி, 2000-க்குப் பிறகு மேலூர் பக்கம் கிராமங்களில் இண்டர்நெட் கடைகள் திறந்தது. வேகம் 35, 70 கிலோபிட்தான். செல்ஃபோன் மலிவானதும் அது மங்கிப்போனது.

நிலைத்து நின்றது தேனி. அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவும் சேர்ந்து, சாதாரண வைஃபை அட்டைகளையே மாற்றியமைத்து, கிராமக் கண் மையங்களுக்கு லிங்க் போட்டார்கள். நோயாளி கிராமத்தில் இருப்பார், டாக்டர் தேனியிலிருந்து வீடியோவில் பார்ப்பார். அந்தக் குழு எழுதியதில் எனக்குப் பிடித்தது ஒன்று: அவர்களைப் படுத்தியது ரேடியோ இல்லை, கரண்ட். ஏறி இறங்கும் வோல்டேஜில் போர்டுகள் கருகின. பிறகு உள்ளூர்ப் பணியாளர்களுக்கே பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். மருத்துவமனைக்கும் அந்த லிங்க் தினமும் தேவைப்பட்டது. படுத்தால் யாராவது உடனே எழுப்பினார்கள்.

கீரிப்பாறை, தோட்டத் தொழிலாளி: ரேஷன் கடையில் கைரேகை வைக்க மெஷினுக்கு ரேஞ்ச் கிடைப்பதில்லை. நூறு நாள் வேலைக்கும் ஃபோட்டோ ஏற்ற வேண்டுமாம். எங்களுக்கு நெட்டே வேண்டாம், அரிசியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நியாயம் அக்கா. ரேஞ்ச் இல்லாத இடத்தில் மெஷினைக் கட்டாயமாக்கினால், ரேஞ்ச் கொண்டுவருவதும் கட்டாயமாக்கியவர்களின் பொறுப்புதான். மெஷின் வேலை செய்யாத நாளில் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருள் தரக் கேளுங்கள். தர மறுத்தால் தேதியோடு எழுதி வைத்து, வட்ட வழங்கல் அலுவலரிடம் மனுவாகக் கொடுங்கள். எந்தெந்த நாள் எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற அந்தத் தாளையே டவர் கேட்கும் மனுவிலும் இணையுங்கள். 'சிக்னல் இல்லை' என்று வெறுமனே எழுதுவதைவிட அதற்கு மதிப்பு உண்டு.

அருமனை, ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்: டிஷ் வைக்க இடம் சரியா என்று நாமே பார்க்க முடியுமா?

முடியும். கம்பெனியின் ஆப்பில் ஃபோன் கேமராவை வானத்தில் சுற்றிக் காட்டினால் எங்கே மறைக்கிறது என்று சொல்லிவிடும். தை, மாசியில் மட்டும் பார்க்காதீர்கள். ரப்பர் இலை உதிர்ந்து நிற்கும்போது எல்லா இடமும் திறந்த வானமாகத்தான் தெரியும். ஆனியில் ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்குங்கள்.